பூமி உருண்டை என்று நிரூபிக்கப் போய்ப் பொங்கல் சீர் திரும்பி வந்த கதை

பூமி தட்டை என்று அடித்துப் பேசுகிறவர் உங்கள் சொந்தத்திலேயே இருந்தால் என்ன செய்வது என்று தேடிப் பாருங்கள். அவர்களைக் கேலி செய்யும் வீடியோக்கள் கிடைக்கும், இல்லையென்றால் ஏழாம் வகுப்புப் பாடத்தில் இருக்கும் அதே நாலு காரணங்கள் கிடைக்கும். இரண்டும் எனக்கு உதவவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் இந்தச் சண்டையில் தனியாக மாட்டிக்கொண்டேன். கைக்காசும் டியூஷன் வருமானமுமாக ஏறக்குறைய ஒரு லட்சம் போனது. அக்கா வீட்டு வாசலை மிதிக்க முடியாமல் மாதக்கணக்கில் கிடந்தேன். முன்னாலேயே யாராவது நாலு வார்த்தை சொல்லியிருந்தால் பாதியாவது மிச்சமாகியிருக்கும் என்பதால் எழுதுகிறேன். பெயர், தெரு வேண்டாம். தஞ்சாவூர் என்பது போதும்.

நான் வீட்டு மாடியில் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை கணக்கு, அறிவியல் டியூஷன் எடுப்பவன். அத்தான், அதாவது அக்கா வீட்டுக்காரர், கணக்கு வழக்குப் பார்க்கும் வேலையில் இருந்து 2024-இல் ஓய்வு பெற்றவர். நான் படித்துவிட்டு வேலையில்லாமல் திரிந்தபோது முகம் சுளிக்காமல் சோறு போட்ட மனிதர். பிரதோஷம் தவறாமல் பெரிய கோயிலுக்குப் போவார். நானும் கூடப் போவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்களுக்குள் நடந்ததை எல்லோரும் ஆத்திகன் நாத்திகன் சண்டை என்றே நினைத்துக்கொண்டார்கள். அப்படி இல்லை. நான் இன்றைக்கும் நெற்றியில் விபூதி இல்லாமல் வகுப்புக்குள் நுழைவதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு பொழுது போகவில்லை. ஒரு கல்யாண மண்டபத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் பாகவதச் சொற்பொழிவு செய்தார். ஐந்தாம் ஸ்கந்தத்தில் வரும் ஜம்பூத்வீபம், நடுவில் மேரு மலை, சுற்றிலும் உப்புக்கடல், கரும்புச்சாற்றுக் கடல், நெய்க்கடல், தயிர்க்கடல், பாற்கடல் முதலான ஏழு கடல்கள். கேட்க நன்றாகத்தான் இருந்ததாம். அதைப் பற்றி மேலும் தெரிந்துகொள்ள அத்தான் போனில் தேடப் போக, அந்தப் போன் அவரைக் கையைப் பிடித்து வேறு எங்கோ இழுத்துப் போய்விட்டது. அண்டார்க்டிகா என்பது பூமித் தட்டின் விளிம்பில் நிற்கும் பனிச்சுவர், விண்வெளிப் படங்கள் எல்லாம் கம்ப்யூட்டர் வேலை, சூரியன் சில ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் விளக்கு. இதெல்லாம் பாகவதத்தில் இல்லவே இல்லை. இங்கிலாந்தில் சாமுவேல் ரோபாதம் என்பவர் 1840-களில் தொடங்கி, பைபிள் வசனங்களைக் காட்டிப் பரப்பிய வாதங்களின் வழி வந்தவை இவை; விண்வெளிப் படம் பற்றியது மட்டும் பிற்பாடு சேர்ந்தது. அதையே தமிழில் பேசி, பின்னணியில் வேத கோஷம் போட்டு விடுகிறார்கள். அத்தான் அதை நம் முன்னோர் சொன்னது என்று நம்பினார். உங்கள் வீட்டிலும் இது நடந்தால், எந்த வாதம் எங்கிருந்து வந்தது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். மறுநாளே வாய்ச்சண்டையில் இறங்க வேண்டாம்.

முதல் சில மாதம் நான் செய்ததெல்லாம் படம் காட்டுவதுதான். 1968-இல் அப்போலோ 8 எடுத்த படம், விண்வெளி நிலையத்தின் நேரலை, சந்திரயான் அனுப்பிய படம். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரே பதில்: "நீ போய்ப் பாத்தியா?" சந்திரயானைச் சொன்னதும், "நம்மாளுங்களையும் சேர்த்து ஏமாத்துறாங்க தம்பி" என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறும். ஆனால் ஆற அமர யோசித்தால் அவர் கேள்வியில் ஒரு நியாயம் இருந்தது. நானும் போய்ப் பார்க்கவில்லை. நான் நம்புகிற ஆட்களை அவர் நம்பவில்லை, அவ்வளவுதான். யாரோ ஒரு மூன்றாம் ஆளை நம்பினால்தான் எடுபடும் என்கிற எந்தச் சான்றும் இந்த மாதிரிச் சண்டையில் செல்லாக்காசு. அவர் கையால் தொட்டு, அவர் கண்ணால் அளக்கக்கூடியது மட்டும்தான் செல்லும். இது தெரியாமல் எத்தனை ராத்திரி பேசிப் பேசித் தொண்டை கட்டியது!

அப்புறம் டியூஷன். கிரகணம் பற்றிய பாடத்தில் ஒரு பையன், "எங்க தெரு தாத்தா பூமி தட்டைன்னு சொல்றாரு சார்" என்றான். யார் என்று கேட்கவே வேண்டியதில்லை. பாடத்தில் உள்ளதை விளக்கி, கிரகணத்தன்று சாப்பிட்டால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, விரதம் இருப்பது அவரவர் விருப்பம் என்று சொல்லி அனுப்பினேன். அது அத்தான் காதுக்குப் போனபோது, "வாத்தியார் சாமியே இல்லைன்னு சொல்லிக்கொடுக்கிறாரு" என்று ஆகியிருந்தது. தெரு வாட்ஸ்அப் குழுவில் அவர் ஒரு நீளமான குரல் பதிவு போட்டார். என் பெயரைச் சொல்லவில்லை, ஆனால் மாடியில் டியூஷன் எடுப்பவர் அந்தத் தெருவில் இன்னொருவர் இல்லையே. அரையாண்டுக்கு முன்பே பாதிப் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். மாதம் எட்டாயிரம், ஒன்பதாயிரம் குறைந்தது. ஒரு அம்மா மட்டும் நேரில் வந்து, "சார், எங்களுக்கு உங்க மேல ஒண்ணும் இல்ல, மாமியார் ஒத்துக்க மாட்டேங்குறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மற்றவர்கள் வழியில் பார்த்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டார்கள். ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். இந்த மாதிரிக் கேள்வி வகுப்பில் வந்தால் அன்று சாயந்திரமே பெற்றோருக்கு நீங்களே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்: என்ன கேட்டான், நான் என்ன சொன்னேன் என்று நாலு வரி. ஊர் உங்கள் சார்பில் பேசும்வரை காத்திருந்தால் ஊர் வேறு மாதிரிதான் பேசும்.

பந்தயம் வந்தது இதற்குப் பிறகு. தெரு முனைப் பிள்ளையார் கோயில் வாசலில், நாலு பெரியவர்கள் முன்னால் அத்தான் சொன்னார்: "நாகப்பட்டினம் கடற்கரைக்குப் போவோம். தூரத்துல கப்பல் அடியிலேர்ந்து மறையுதுன்னுதானே உன் புஸ்தகம் சொல்லுது? மறையலைன்னா நீ அன்னதானத்துக்கு இருபத்தஞ்சாயிரம் குடு. மறைஞ்சா நான் தர்றேன்." இருந்த எரிச்சலில் சரி என்றேன்.

மார்கழியில் ஒரு நாள், ஒரு வேன் பிடித்து எல்லோரும் போனோம். அத்தானுக்குத் தெரிந்த கல்யாண போட்டோகிராபர் ஒருவர் நீளமாக ஜூம் போகும் கேமராவோடு வந்திருந்தார். மணலில் முக்காலியை ஊன்றினார்கள். ஒரு ஃபைபர் படகு கிளம்பிப் போனது. சிறுத்துச் சிறுத்து, புள்ளியாகி, வெறும் கண்ணுக்குத் தெரியாமல் போனது. "மறைஞ்சிடுச்சா?" என்றார் அத்தான். எல்லோரும் ஆமாம் என்றார்கள். போட்டோகிராபர் ஜூம் பண்ணினார். கேமராவின் சின்னத் திரையில் படகு முழுசாக, அடிப்பாகம், என்ஜின், நிற்கிற ஆள் என்று அப்படியே வந்து நின்றது. கை தட்டினார்கள். ஒருவர் "நாராயணா!" என்றே கூவிவிட்டார். எனக்குக் காரணம் தெரியும். படகு இன்னும் அடிவானத்தைத் தாண்டவே இல்லை. சின்னப் பொருள் என்பதால் கண்ணின் கூர்மைக்கு முன்னாலேயே தப்பிவிட்டது, அவ்வளவுதான். நின்றுகொண்டு பார்க்கும் ஆளின் கண், தண்ணீர் மட்டத்திலிருந்து இரண்டு மீட்டர் உயரம் என்றால், அடிவானமே சுமார் ஐந்தரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதற்குள் இருக்கும் எதையும் ஜூம் திருப்பிக் கொண்டுவரும். அதைத் தாண்டியதைத்தான் எந்த ஜூமாலும் கொண்டுவர முடியாது. ஆனால் அந்த நிமிஷத்தில் இதை யார் கேட்பார்கள்? வேனில் திரும்பும்போது நான் கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தேன். திருவாரூர் வரை யாரும் என்னிடம் பேசவில்லை. அழுகை வரும் போல இருந்தது, வெட்கத்தில் தூங்குகிற மாதிரி இருந்துவிட்டேன்.

இருபத்தைந்தாயிரத்தைக் கட்டினேன். அன்னதானத்துக்குத்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாலும், அன்றைய சாம்பாரை வாயில் வைக்க முடியவில்லை. இப்படிப் பந்தயம் கட்டி நொந்தவர்களில் பெரிய பெயர்களும் உண்டு என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பரிணாமக் கொள்கையில் டார்வினோடு சேர்த்துச் சொல்லப்படும் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1870-இல் ஜான் ஹாம்டன் என்ற தட்டைப் பூமிக்காரரோடு 500 பவுண்டுக்குப் பந்தயம் கட்டினார். இங்கிலாந்தில் பெட்ஃபோர்ட் கால்வாயில் ஆறு மைல் நேர்ப்பாதை. அதே இடத்தில்தான் 1838-இல் ரோபாதம் கண்ணைத் தண்ணீருக்கு ஒட்டினாற்போல் வைத்துப் பார்த்து, தூரத்துப் படகு தெரிகிறது, ஆகவே பூமி தட்டை என்றிருந்தார். தண்ணீரை ஒட்டிய காற்று ஒளியை வளைக்கும் என்பது வாலஸுக்குத் தெரியும். அதனால் இரண்டு முனையிலும் நடுவிலும் ஒரே உயரத்தில், தண்ணீருக்கு நன்றாக மேலே குறிகள் வைத்தார். நடுக்குறி உயர்ந்து தெரிந்தது. நடுவர் வாலஸுக்குத்தான் வெற்றி என்றார். ஹாம்டன் ஒத்துக்கொள்ளவே இல்லை. வருஷக்கணக்கில் வாலஸைத் திட்டிக் கடிதம் எழுதினார், அவர் மனைவிக்கும் எழுதினார், ஜெயிலுக்கும் போனார். கடைசியில் நீதிமன்றம் பந்தயமே செல்லாது என்று சொல்லி, வாலஸைப் பணத்தைத் திருப்பித் தர வைத்தது. வழக்குச் செலவு வேறு. ஜெயித்தவர் கதியே இது. பந்தயம் வைத்துவிட்டால் எதிராளிக்குத் தன் கருத்தை மாற்றிக்கொள்ளும் வழியையே நாம் அடைத்துவிடுகிறோம். மாற்றினால் பணமும் போகும், மானமும் போகும்.

பொங்கல் வந்தது. வழக்கம்போல் சீர் எடுத்துக்கொண்டு போனேன். கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், வாழைத்தார், அக்காவுக்கு ஒரு புடவை. திண்ணையில் இறக்கி வைத்தேன். அக்கா கதவைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிப் பார்த்தாள். அத்தான் எழுந்து வரவில்லை. "மொதல்ல மன்னிப்புக் கேக்கச் சொல்லு" என்று குரல் மட்டும் வந்தது. நான் என்னவென்று மன்னிப்புக் கேட்பது? அக்கா மஞ்சள் கொத்தில் ஒரு இலையை மட்டும் கிள்ளி இடுப்பில் செருகிக்கொண்டு, "எடுத்துட்டுப் போடா, தெரு பாக்குது" என்றாள். அம்மா போன பிறகு அந்த வீட்டுக்குச் சீர் நின்றது அதுதான் முதல் தடவை. கரும்பைத் திரும்ப ஆட்டோவில் ஏற்றும்போது ஆட்டோக்காரர் ஒன்றும் கேட்கவில்லை, அதுவே பெரிய உபகாரம். உருண்டையாவது தட்டையாவது, எனக்கு என்ன வந்தது என்று அன்றைக்கு நிஜமாகவே தோன்றியது.

விட்டிருப்பேன். விடாமல் செய்தது அக்கா மகள். அப்போது பதினோராவது படித்துக்கொண்டிருந்தாள், அறிவியல் குரூப். அவளிடம் புத்தகத்தில் உள்ளதைப் பரீட்சைக்காக மட்டும் எழுது, மனதில் ஏற்றாதே என்று அத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் ரகசியமாகப் போன் பண்ணி, "மாமா, நான் எதைத்தான் நம்புறது?" என்றாள். அப்போதுதான் அத்தானை ஜெயிப்பது என்பதை விட்டேன். அவரையே அளக்க வைத்தால் என்ன என்று யோசித்தேன். சமாதானத் தூது அவள்தான்.

முதலில் கடல். மாசியில், கடல் அடங்கியிருக்கும் நாளாகப் பார்த்து, நாகப்பட்டினத்தில் மீனவர் ஒருவரிடம் பேசினேன். அன்று கடற்கரையில் நடந்த கூத்தை அவரும் நின்று பார்த்தவராம். "சார், கரையில நின்னு படகைப் பாத்தா என்ன தெரியும்? படகுல உக்காந்து கரையைப் பாக்கணும்" என்றார். எங்கள் யாருக்கும் தோன்றாத யோசனை. படகு வாடகை, டீசல் எல்லாம் சேர்த்து நாலாயிரம். திருச்சியில் பழைய ஜூம் கேமரா ஒன்றை முப்பத்திரண்டாயிரத்துக்கு வாங்கியிருந்தேன், இந்த முறை கேமரா அத்தான் கையில். விடிந்ததும் கிளம்பினோம். எனக்கும் அவருக்கும் வாந்தி. பொதுவான கஷ்டம் மாதிரி மனிதர்களை நெருக்குவது வேறில்லை. என் தலையை அவர்தான் பிடித்துக்கொண்டார். போகப் போக முதலில் மணல் போனது, அப்புறம் கரையில் ஏற்றி வைத்திருந்த படகுகள், வீடுகள், தென்னையின் அடிமரம். ஒரு கட்டத்தில் தென்னங்கொண்டைகள் மட்டும் தண்ணீர்மேல் நின்றன. பிறகு அவையும் போய், கலங்கரை விளக்கமும் வடக்கே நாகூர் தர்கா மினாராவும் இடுப்புக்கு மேலே மட்டும் தெரிந்தன. பெரிய மினாரா 131 அடி. தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டிக்கொடுத்தது. அத்தான் ஜூமை முழுசாக இழுத்தார். மினாரா பெரிதானது, அடிப்பாகம் வரவில்லை. திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தார். "தாத்தா காலத்துலேர்ந்து இதுதான் சார் கணக்கு. எது எவ்ளோ முங்கியிருக்குன்னு பாத்துத்தான் எவ்ளோ தூரம் வந்தோம்னு சொல்லுவோம். இப்பதான் ஜிபிஎஸ் வந்துடுச்சு" என்றார் படகுக்காரர், வலையை ஒதுக்கிக்கொண்டே, பெரிய விஷயமாகவே எடுத்துக்கொள்ளாமல்.

அத்தான் உடனே ஒத்துக்கொண்டார் என்று நினைக்காதீர்கள். அலை மறைக்கிறது, கானல் மறைக்கிறது என்றார். கானல் என்பது பொய்யான சாக்கு இல்லை, அதையும் மதிக்க வேண்டும். தண்ணீர் சூடாகவும் மேலே காற்று குளிர்ச்சியாகவும் இருந்தால் அடிப்பாகம் தலைகீழாகப் பிரதிபலித்துக் குழப்பும். மாறாக, குளிர்ந்த தண்ணீர்மேல் சூடான காற்று நின்றால் மறைந்திருக்க வேண்டியதும் மேலே தூக்கித் தெரியும். அதனால் ஒரே ஒரு தடவை பார்த்து முடிவு கட்டக் கூடாது. வெவ்வேறு நேரத்தில் பாருங்கள், கண் எவ்வளவு உயரத்தில் இருந்தது, கரை எவ்வளவு தூரம் என்பதை ஜிபிஎஸ் பார்த்து அங்கேயே எழுதுங்கள். இரண்டு மீட்டர் கண் உயரத்துக்கு, 20 கிலோமீட்டர் தள்ளிப் போனால், காற்றின் வளைவையும் சேர்த்துக்கொண்டு சுமார் 14 மீட்டர் மறைய வேண்டும். அலை 14 மீட்டர் எழும்பினால் நாம் திரும்பி வந்திருக்க மாட்டோம் என்று நான் சொன்னதற்கு அவர் சிரித்துவிட்டார். எனக்கு அந்தச் சிரிப்பே போதுமாக இருந்தது.

அடுத்தது குச்சி. அத்தானின் மூத்த மகன் நாக்பூரில் வேலை பார்க்கிறான். தஞ்சாவூரும் நாக்பூரும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், நேர் வடக்கு தெற்காக இருக்கின்றன. இரண்டுக்கும் நேர்க்கோட்டில் சுமார் 1,150 கிலோமீட்டர். 2025 மார்ச் 20, பகலும் இரவும் சமமாகும் நாள். இங்கே மொட்டை மாடியில் ஒரு மீட்டர் இரும்புக் கம்பி, அங்கே அவன் மாடியில் இன்னொன்று. தூக்குக்குண்டு தொங்கவிட்டு நேராக நிறுத்தினோம். ரசமட்டம் வைத்துத் தரையைப் பார்த்தோம். சாக்பீஸ் அத்தான் கையில். பலர் பன்னிரண்டு மணிக்கு அளந்துவிடுவார்கள். கடிகாரப் பன்னிரண்டு வேறு, உச்சிப்பொழுது வேறு. அன்றைக்குத் தஞ்சாவூரில் உச்சி 12.20-ஐ ஒட்டித்தான். அதனால் பன்னிரண்டிலிருந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒரு கோடு போட்டு, ஆகக் குட்டை நிழலை எடுக்க வேண்டும். நிழலின் முனை மங்கலாக, ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கரைந்திருக்கும். அதன் நடுவைக் குறிக்க வேண்டும். இங்கே 19 சென்டிமீட்டர், அங்கே 39-க்குக் கொஞ்சம் குறைவு. கோணமாக மாற்றினால் இங்கே 10.8 பாகை, அங்கே 21-க்கு மேல். வித்தியாசம் பத்தரைக்குச் சற்றுக் குறைவு. அதற்கு 1,150 கிலோமீட்டர் என்றால் 360-க்கு எவ்வளவு? கணக்கு வழக்கில் ஊறிய மனிதர், பேப்பரில் அவரே போட்டார். கிட்டத்தட்ட 40,000. போன் எடுத்துப் பூமியின் சுற்றளவைப் பார்த்துவிட்டு, ரொம்ப நேரம் பேசவில்லை. எரடோஸ்தனிஸ் என்பவர் கிறிஸ்து பிறப்பதற்கு 200 ஆண்டுகளுக்கும் மேல் முன்னால் எகிப்தில் இதே மாதிரிதான் கணக்கிட்டார்.

ஆனால் ராத்திரி போன் வந்தது. "பூமி தட்டையா இருந்து சூரியன் பக்கத்துல இருந்தாலும் ரெண்டு ஊர்லயும் நிழல் வேற வேறயாத்தானே விழும்?" உண்மை! இரண்டு ஊர் அளவு மட்டும் இருந்தால் இரண்டு விளக்கமும் பொருந்தும். பாடப்புத்தகங்கள் இதைச் சொல்வதே இல்லை. இங்கேதான் பலர் மாட்டிக்கொள்வார்கள். மூன்றாவது ஊர் வேண்டும். நல்லவேளை, மகனின் நண்பன் டெல்லியில் அன்றே அளந்திருந்தான், ஐம்பத்து நாலரை சென்டிமீட்டர். பூமி தட்டை என்றே வைத்துக்கொண்டு தஞ்சாவூர், நாக்பூர் நிழல்களிலிருந்து கணக்கிட்டால் சூரியன் சுமார் 5,800 கிலோமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். நாக்பூர், டெல்லி நிழல்களிலிருந்து கணக்கிட்டால் 5,200-தான் வருகிறது. ஒரே சூரியன், ஒரே மத்தியானம், இரண்டு உயரம். உருண்டை என்று வைத்தால் மூன்று ஊரும் ஒரே சுற்றளவில் அடங்குகின்றன. ஒரு எச்சரிக்கை: ஒரு சென்டிமீட்டர் பிசகினால் இந்தக் கணக்கில் சுமார் 300 கிலோமீட்டர் ஏறி இறங்கும். முடிந்தால் இரண்டு மீட்டர் கம்பி வையுங்கள், அடுத்தடுத்த நாளும் எடுங்கள். சூரியனை யாரும் நேராகப் பார்க்க வேண்டாம், நிழலை மட்டும்.

இத்தனைக்குப் பிறகும் அவர் மனதில் முள்ளாக இருந்தது ஒன்றுதான்: அப்படியானால் பாகவதம் பொய்யா? இதற்கு என்னிடம் பதில் இல்லை. இருந்தாலும் நான் சொல்லி எடுபடாது. கும்பகோணம் பக்கத்தில் அவர்கள் குடும்பத்துக்கு நாள் பார்த்துத் தரும் வயதான சாஸ்திரிகள் ஒருவர் இருக்கிறார். வேறொரு காரியமாகப் போன அத்தான் அவரிடமே கேட்டுவிட்டார். நானும் கூட இருந்தேன். "புராணத்துல மேரு, ஏழு கடல் எல்லாம் வேற விஷயம், அது தியானத்துக்கு. பஞ்சாங்கம் போடறவா சித்தாந்தம்னு ஒண்ணு வச்சிருக்கா. அதுல பூமி கோளம்தான். கோளம்னு எடுத்துக்காம ஒரு கிரகணம் கணிச்சுக் குடுங்கோ பார்ப்போம்" என்றார். கி.பி. 499-இல் எழுதப்பட்ட வானியல் நூலான ஆரியபடீயம் பூமியைப் பூ நிறைந்த கடம்பின் உருண்டைக்கு ஒப்பிடுகிறது, எல்லாப் பக்கமும் உயிர்கள். சந்திர கிரகணம் பூமியின் நிழல் என்றும் அதிலேயே இருக்கிறது. 1150-இல் சித்தாந்த சிரோமணி எழுதிய பாஸ்கரர், சுற்றளவில் நூறில் ஒரு பங்கு தட்டையாகத்தான் தெரியும், மனிதன் சிறியவன், அதனால் அவனுக்குப் பூமி தட்டையாகத் தோன்றுகிறது என்று விளக்குகிறார். அத்தான் வீட்டுச் சுவரில் தொங்கும் பஞ்சாங்கம் இந்தக் கணித மரபில் வந்ததுதான். நான் ஒரு வருஷம் கத்தியதை அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடித்தார். எதிரே இருப்பவர் யாரை மதிக்கிறாரோ அவரைத் தேடிப் போங்கள். எல்லா மதத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். கிறிஸ்தவ இறையியலில் தாமஸ் அக்வினாஸ் தன் பெரிய நூலின் முதல் கேள்வியிலேயே பூமி உருண்டை என்பதை எல்லோரும் அறிந்த உதாரணமாக எடுத்து வைக்கிறார். இஸ்லாமிய அறிஞர் அல்பிரூனி மலை உச்சியிலிருந்து அடிவானத்தின் சரிவை அளந்தே பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டவர்.

திரும்பி வரும்போது பெரிய கோயில் வழியாக வந்தோம். 1808-இல் லாம்டன் என்ற ஆங்கிலேயர் நில அளவைக்காக கோணம் அளக்கும் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை அந்த விமானத்தின் மேல் ஏற்றும்போது, கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கிய கதையைச் சொன்னேன். டெல்டாவில் மலை ஏது? தென்னந்தோப்புக்கு மேலே எழும்பி நிற்பது கோபுரம்தான். அதனால் கோயில் கோயிலாக ஏறி அளந்தார்கள். அந்த மாதிரி அளவைகளில்தான் வடக்கே போகப் போக ஒரு பாகையின் நீளம் கொஞ்சம் கூடுவது, அதாவது பூமி துருவங்களில் லேசாகத் தட்டிப்போன உருண்டை என்பது உறுதிப்பட்டது. "ஆக, கொஞ்சம் தட்டைதான்னு ஒத்துக்குற" என்றார் அத்தான். துருவத்துக்குத் துருவம் விட்டம், நடுக்கோட்டு விட்டத்தைவிட 43 கிலோமீட்டர் குறைவு, அந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறேன் என்றேன்.

2025 செப்டம்பர் 7 ராத்திரி முழுச் சந்திர கிரகணம். பத்து மணிக்குச் சற்று முன்னால் நிழல் கடிக்கத் தொடங்கியது. அக்கா வீட்டு மாடியில் எல்லோரும் இருந்தோம். அவர்கள் சாயந்திரமே சாப்பிட்டுவிட்டார்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை. நிழலின் ஓரம் வளைவாக ஏறியதும், "தட்டோட நிழலும் வட்டமாத்தானே விழும்?" என்றார். அக்கா மகள் கீழே போய்ப் பூஜைத் தாம்பாளத்தையும் ஒரு தேங்காயையும் டார்ச்சையும் கொண்டுவந்தாள். தாம்பாளத்தை வெளிச்சத்துக்கு நேராகக் காட்டினால் வட்டம், சாய்த்தால் நீள்வட்டம், பக்கவாட்டில் திருப்பினால் வெறும் கோடு. மட்டை உரித்த தேங்காயை எப்படித் திருப்பினாலும் கிட்டத்தட்ட வட்டம். 2022 நவம்பரில் நிலா உதிக்கும்போதே பிடித்திருந்த கிரகணம், இப்போது நள்ளிரவை ஒட்டி உச்சியில் பிடித்த கிரகணம், இரண்டிலும் ஒரே வளைவு என்று அவளே சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை. முடிந்தால் நீங்களும் இந்த இடத்தில் வாயைத் திறக்காதீர்கள்.

இப்போது நிலவரம் இதுதான். அத்தான் "பூமி உருண்டை" என்று இதுவரை வாயால் சொல்லவில்லை. குழுவில் போட்ட குரல் பதிவை அழித்துவிட்டார். அந்த வீடியோக்களை அனுப்புவதும் நின்றுவிட்டது. மகளுக்குப் பன்னிரண்டாவதுக்கு இயற்பியல் வழிகாட்டி நூலை அவரே வாங்கிக் கொடுத்தார். நின்ற பிள்ளைகளில் சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டார்கள். கேமரா இருபத்தோராயிரத்துக்குப் போனது. அன்னதானப் பணத்தை நான் கேட்கவில்லை, அவரும் பேச்செடுக்கவில்லை. இந்தப் பொங்கலுக்குச் சீர் வாங்கிக்கொண்டார்கள், வாழைத்தார் சின்னதாக இருக்கிறது என்ற புகாரோடு. யாராவது நிழல் அளக்க நினைத்தால் மார்ச் 20-ஐ ஒட்டியோ செப்டம்பர் 22-ஐ ஒட்டியோ வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் தஞ்சாவூரில் உச்சிப்பொழுது பன்னிரண்டே காலுக்கு முன்னாலேயே வந்துவிடும், அதனால் பதினொன்றே முக்காலுக்கே கோடு போட ஆரம்பித்துவிடுங்கள். மேகம் வேறு இருக்கும்.